சுமத்ராவின் பெருமலர்

சேனைக்கிழங்கை அறியாதவர் தமிழ்நாட்டில் இலர். உழவர் தோட்டத்தில் குழி எடுத்து, எருவும் சாம்பலும் இட்டு, முளைக்கண் உள்ள கிழங்குத் துண்டங்களை அதில் புதைப்பர். சில வாரங்களில் ஒரே ஒரு முளை நிலத்தைப் பிளந்துகொண்டு எழும். அது வளர்ந்து, புள்ளிகள் நிறைந்த பருத்த காம்பின்மேல் விரித்த குடைபோல் நிற்கும். காண்பவர் அதனை ஒரு சிறு மரம் என்றே எண்ணுவர். உண்மையில் அது மரமன்று. கிளைகள்போல் தோன்றுவன கிளைகளும் அல்ல. அம் முழுமையும் ஒரே இலையாகும். எட்டு அல்லது ஒன்பது திங்களில் அவ்விலை பழுத்து வீழ்ந்ததும் உழவர் கிழங்கை அகழ்ந்தெடுப்பர். ஆதலால் சேனை பூப்பதைக் கண்டவர் மிகச் சிலரே. அகழாமல் நிலத்தில் விடப்பட்ட முதிர்ந்த கிழங்கு, ஒரு பருவத்தில் இலைக்கு முன்னே மலரை வெளியிடும். அம்மலர் கருஞ்சிவப்பு நிறமும், அருகில் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொள்ளுமாறு செய்யும் தீநாற்றமும் உடையது.

சேனை, சேம்பு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் இதனைச் சேம்புக் குடும்பம் என்பர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. நடுவில் ஒரு கதிர்த்தண்டு. அதனைச் சூழ்ந்து ஒரு பாளை. கதிரின்மேல் நெருங்கிய சிறு சிறு பூக்கள். இதுவே இக்குடும்பத்தின் அடையாளம். நாம் மலர் என்று கூறுவது உண்மையில் ஒரு தனி மலரன்று; நூற்றுக்கணக்கான பூக்களின் தொகுதியே ஆகும்.

இக்குடும்பத்தின் பேருருவம் சுமத்ராத் தீவின் மழைக்காடுகளில் வாழ்கிறது. சேனையும் அதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும், சேனையின் இலை ஆளுயரம் நிற்கும். சுமத்ராச் செடியின் இலையோ ஆறு மீட்டர் வரையில் உயர்ந்து, ஐந்து மீட்டர் அகலம் விரியும். அதன் மலர்த்தொகுதி மூன்று மீட்டர் உயரத்தையும் எட்டும். கிரேக்கர் பழங்கதைகளில் வரும் டைட்டன் என்னும் பூதங்களின் பெயரைத் தாவர நூலார் இதற்குச் சூட்டி, 'அமார்போபல்லஸ் டைட்டானம்' என்றனர். இந்தோனேசிய மக்கள் இதனைப் 'புங்கா பங்காய்' என்பர். பிணமலர் என்பது அதன் பொருள். அதன் நாற்றமே அப்பெயருக்குக் காரணம்.

கிளைவிடாத மலர்த்தொகுதிகளுள் உலகிலேயே பெரியது இதுவே. கிளைவிடும் மலர்த்தொகுதிகளுள் பெரியது, இலங்கையிலும் கேரளத்திலும் வளரும் தாளிப்பனையின் பூங்கொத்தாகும். தனி மலர்களுள் பெரியது, அதே சுமத்ராக் காட்டில் கொடிகளின்மேல் ஒட்டுண்ணியாக வாழும் ரப்ளீசியா. இம் மூன்றையும் ஒன்றோடொன்று மயங்காமல் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இப்பெருமலரை உலகிற்கு அறிவித்தவர் இத்தாலி நாட்டு அறிஞர் ஓடோவார்டோ பெக்காரி என்பவர். அவர் இளமையிலேயே போர்னியோத் தீவின் காடுகளில் அலைந்து செடிகொடிகளை ஆராய்ந்தவர். 1878ஆம் ஆண்டில் சுமத்ராவின் மேற்கு மலைகளில் சுற்றிவந்தபோது, ஒரு பெரிய இலையைக் கண்டு வியந்து, அதன் அடியைத் தோண்டச் செய்தார். ஏறத்தாழ 1.4 மீட்டர் சுற்றளவுள்ள கிழங்கு ஒன்று வெளிப்பட்டது. இருவர் கூடிச் சுமந்தும் அதனை எளிதில் கொண்டுவர இயலவில்லை. பின்னர் அதன் மலரையும் கனியையும் கண்டு, அவற்றின் அளவுகளைக் குறித்துத் தாய்நாட்டிற்கு எழுதினார்.

பெக்காரி சில கிழங்குகளையும் விதைகளையும் புளாரன்சு நகரை அடுத்த நண்பர் ஒருவரின் தோட்டத்திற்கு அனுப்பினார். அக்காலத்தில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரில் வாழும் ஒரு பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அது பரவாமல் தடுக்கும்பொருட்டு, அயல்நாட்டுச் செடிகளையும் கிழங்குகளையும் எளிதில் உள்ளே விடலாகாது என்று ஆணை பிறந்திருந்தது. ஆகவே, பிரெஞ்சு நாட்டு மார்சேல்சுத் துறைமுகத்தில் சுங்கத்தார் பெக்காரியின் கிழங்குகளைத் தடுத்து நிறுத்தினர். அங்கேயே அவை பயனின்றி அழிந்தன. நல்வேளையாக விதைகள் ஊர் சேர்ந்து முளைத்தன. அவற்றுள் ஒரு கன்று இலண்டனை அடுத்த கியூ அரசர் தோட்டத்திற்குச் சென்றது. அங்குள்ள தோட்டத்தார் அதனைப் பத்தாண்டுகள் பேணி வளர்த்தனர். 1889ஆம் ஆண்டில் அது பூத்தது. சுமத்ராவிற்கு வெளியே இம்மலர் முதன்முதலாக மலர்ந்தது அன்றுதான். பெரிய பெரிய கிழங்குகள் அழிந்தொழியவும், கைக்குள் அடங்கிய விதைகளே அரிய செடியைக் காத்தன என்பது எண்ணத்தக்கது.

வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டில் பிறந்த செடியைக் குளிர்நாட்டில் வளர்ப்பது எளிய செயலன்று. அதனை வளர்க்க விரும்புவோர் முதலில் அதன் வாழ்க்கை முறையை அறிதல் வேண்டும்.

இச்செடியின் உயிர் கிழங்கில் இருக்கிறது. கிழங்கிலிருந்து ஒரு பருவத்திற்கு ஓர் இலையே எழும். அதன் காம்பு இளம்பச்சை நிறமுடையது, வெண்திட்டுகள் நிரம்பியது. தொலைவிலிருந்து நோக்கினால் பாசி படிந்த மரத்தின் அடியைப் போன்றே தோன்றும். இவ்விலை ஓராண்டோ, அதற்குச் சற்று மேலோ நின்று, கதிரவன் ஒளியில் உணவைச் சமைத்துக் கிழங்கில் சேர்த்துவைக்கும். பின்னர் மஞ்சள் நிறம் அடைந்து சாயும். அதன்பின் கிழங்கு சில திங்கள் மண்ணுக்குள் உறங்கும். உறக்கம் நீங்கியதும் முன்னதினும் பெரிய இலை ஒன்று எழும். இவ்வாறு இலையும் உறக்கமும் மாறி மாறி வர, கிழங்கு ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். விதையிலிருந்து தொடங்கிய செடி முதன்முறை பூப்பதற்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். சில செடிகளுக்கு அதற்கு மேலும் ஆகும். ஒருமுறை பூத்த செடி மீண்டும் பூக்கவும் பல ஆண்டுகள் வேண்டும். கிழங்கில் போதிய செல்வம் சேராதவரை அது பூவிற்காகச் செலவிடுவதில்லை.

இச்செடியை விதையிட்டு வளர்ப்போர், கனி பழுத்தவுடன் அதன் சதையை முற்றும் நீக்கி, விதையைக் கழுவி, காலந்தாழ்த்தாமல் விதைப்பர். நெல்லையும் கேழ்வரகையும்போல் இவ்விதையை உலர்த்திக் குதிரில் சேமித்துவைத்தல் இயலாது. உலர்ந்தால் அதன் உயிர் போய்விடும். வெதுவெதுப்பான ஈரமண்ணில் இட்ட விதை முளைத்து, விரல் உயரத்தில் ஒரு சிறு குடையை விரிக்கும். பின்னாளில் கூடத்தின் கூரையை முட்டப்போகும் இலையின் முதல் வடிவம் இதுவே.

மண்ணைத் தேர்வதில் மிகுந்த கருத்து வேண்டும். சுமத்ராக் காட்டில் பெருமழை பெய்யினும், சரிவான நிலமாதலால் நீர் தேங்குவதில்லை. ஆகவே, இலைமக்கு, மரப்பட்டைத் துண்டுகள், பருமணல், அடுப்புக்கரி ஆகியவற்றைக் கலந்து, நீர் நில்லாமல் வடிந்தோடும் மண்ணைத் தொட்டியில் நிரப்புவர். கிழங்கின் மேற்புறத்தில், முளையைச் சூழ்ந்தே வேர்கள் கிளம்புகின்றன. ஆதலால் கிழங்கை மேலோட்டமாக வைக்காமல், வேர் பரவுவதற்கு மேலே போதிய மண் இருக்குமாறு ஆழமாகப் புதைப்பர். தொட்டியும் கிழங்கினும் பன்மடங்கு அகலமானதாய் இருத்தல் வேண்டும்.

இலை நிற்கும் காலமே செடியின் உழைப்புக் காலம். அப்பொழுது நீரும் எருவும் குறையாமல் அளிப்பர். கிழங்கு பருப்பதற்குப் பொட்டாசு எரு பெரிதும் துணைசெய்யும். இரவிலும் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல் கண்ணாடிக் கூடத்தை வெம்மையாக வைத்திருப்பர். காற்றில் ஈரம் மிகுந்திருத்தல் வேண்டும். காட்டு மரங்களின் இடையே வடிந்துவரும் ஒளியில் பழகிய செடியாதலால், கடும் வெயில் படாதவாறு மெல்லிய நிழலும் அமைப்பர். பனிக்காலத்தில் வெளியே வெண்பனி மூடியிருக்க, உள்ளே ஒரு செடிக்காக இராப்பகல் அனல் காக்கும் தோட்டக்காரனின் கடமை எளியதா?

உறக்கக் காலத்திலோ இதற்கு நேர்மாறான காவல் வேண்டும். இலை மஞ்சளித்தவுடன் நீரைக் குறைத்து, பின்பு நிறுத்திவிடுவர். அப்பொழுது அன்பு மிகுதியால் நீர் ஊற்றுபவன் கிழங்கைக் கொன்றவனே ஆவான். ஈரத்தில் கிழங்கு அழுகத் தொடங்கினால் மேலே ஒரு குறியும் தோன்றுவதில்லை. தோட்டத்தார் அறியுமுன் உள்ளே பாதி கரைந்திருக்கும். நூலினும் மெல்லிய புழுக்கள் வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்குவதும் உண்டு. ஆதலால், இலை வீழ்ந்தபின் கிழங்கை மெல்ல அகழ்ந்து, கழுவி, நிறுத்து, நாற்புறமும் புரட்டிப் பார்ப்பர். அழுகிய பகுதி இருப்பின் அதனைச் செதுக்கி எறிந்து, காயத்தை ஆறவிட்டு, பூசணத்தைத் தடுக்கும் மருந்தைத் தூவுவர். புதிய முளை தலைகாட்டும் வேளையில் புதுமண்ணில் வைப்பர்.

இப்பேணுதலின் பயன் யாது என்பதை எடின்பரோ நகரத்து அரசர் தாவரத் தோட்டத்தின் வரலாறு காட்டும். 2003ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லைடன் தோட்டத்திலிருந்து அங்கு வந்தபோது கிழங்கு ஒரு கிச்சிலிப்பழ அளவே இருந்தது. ஏழாண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டில், தொட்டி மாற்றும்பொருட்டு அதனை வெளியே எடுத்து நிறுத்தனர். அதன் நிறை 153.9 கிலோகிராம்! யானைக்கன்றைத் தூக்குவதற்கு வேண்டிய துணையை அக்கிழங்கைத் தூக்குவதற்கும் நாடவேண்டியிருந்திருக்கும். எனினும் அது உடனே பூத்துவிடவில்லை. மேலும் ஐந்தாண்டுகள் இலைகளையே வெளியிட்டு, 2015ஆம் ஆண்டில்தான் மலர்ந்தது. ஸ்காத்லாந்து நாட்டில் இம்மலர் பூத்தது அதுவே முதன்முறை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்த காவலுக்கு இரண்டு நாள் காட்சி!

முளை எழும் ஒவ்வொரு முறையும் தோட்டத்தார் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். வருவது இலையோ? மலரோ? தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கூர்த்த முளையாகத் தோன்றும். சில வாரங்கள் சென்றபின், மலராயின் முளையின் அடி பருத்து, பாளையின் மடிப்புகள் புலனாகும். அதன்பின் அதன் வளர்ச்சி வியக்கத்தக்கது. ஒரே நாளில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் உயரும். தோட்டத்தார் நாள்தோறும் அளவுகோலை அருகில் நிறுத்தி, உயரத்தைக் குறித்துவைப்பர். வளர்ச்சி தளரத் தொடங்குவதே மலரும் நாள் நெருங்கியதற்கு அறிகுறி.

பெரும்பாலும் பிற்பகலில் பாளை விரியத் தொடங்கும். வெளியே இளம்பச்சை நிறமும், உள்ளே அரிந்த இறைச்சியின் கருஞ்சிவப்பும் உடைய அது, ஓரம் சுருங்கிய பெரிய கிண்ணம்போல் இரவில் முழுதும் விரிந்துவிடும். அவ்விரவில் நடுவிலுள்ள கதிர் சூடேறுகிறது. மனிதனுடைய உடம்பின் வெப்பமாகிய 37 டிகிரியை நெருங்கும் அளவிற்கு அது வெப்பம் கொள்ளும். அவ்வெப்பத்தினால் நாற்றம் அலை அலையாக எழுந்து நெடுந்தொலைவு பரவும். அழுகிய இறைச்சி, கெட்டுப்போன மீன், வேர்வை படிந்த துணி ஆகியவற்றின் நாற்றங்கள் அதில் கலந்திருப்பதாகக் கூறுவர். அந்நாற்றத்திற்குக் காரணமான பொருள்களுள் கந்தகச் சேர்க்கைகள் சிறப்பானவை. அழுகும் புலாலில் தோன்றுவனவும் அத்தகைய பொருள்களே.

இத்துணைப் பெரிய மலர் தீநாற்றத்தை ஏன் வீசுதல் வேண்டும்? மல்லிகையின் மணம் தேனுண்ணும் பூச்சிகளை அழைக்கிறது. இம்மலர் அழைக்க விரும்பும் விருந்தினர் வேறு. பிணத்தில் முட்டையிடும் ஈக்களையும் வண்டுகளையும் இது அழைக்கிறது. நிறம், நாற்றம், வெப்பம் ஆகிய மூன்றாலும் இறந்த விலங்கின் தோற்றத்தை மேற்கொண்டு அவற்றை ஏமாற்றுகிறது. காட்டில் இச்செடிகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் நிற்பன. அவை பூப்பதும் அரிது. ஆதலால், தொலைவிலுள்ள பூச்சிகளுக்கும் செய்தி எட்டுமாறு இவ்வளவு உயர்ந்த கதிரும், இவ்வளவு கொடிய நாற்றமும் வேண்டியிருக்கின்றன.

கதிரின் அடியில், பாளைக்குள் மறைந்து, பெண்பூக்கள் ஒரு வளையமாகவும், அவற்றின்மேல் ஆண்பூக்கள் மற்றொரு வளையமாகவும் அமைந்துள்ளன. முதல் இரவில் பெண்பூக்கள் மட்டும் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும். அப்பொழுது ஆண்பூக்களில் மகரந்தம் வெளிப்படாது. மறுநாள் மாலையில் ஆண்பூக்கள் மகரந்தத்தைச் சொரியும். அதற்குள் பெண்பூக்களின் காலம் கடந்துவிடும். எனவே, ஒரு மலரின் மகரந்தம் அம்மலருக்கே பயன்படுவதில்லை. வேறொரு செடியின் மகரந்தத்தைச் சுமந்துவரும் வண்டினாலேயே அது கருவுறுதல் வேண்டும். இரண்டாம் நாள் கடந்தால் பாளை சுருங்கும். சில நாளில் கதிரும் சாயும்.

இத்தீநாற்றத்தை நுகர்வதற்கென்றே மக்கள் திரள்வது மற்றொரு விந்தை. 1926ஆம் ஆண்டில் கியூத் தோட்டத்தில் இம்மலர் மீண்டும் பூத்தபோது, கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவலரை அழைக்க நேர்ந்தது. 1937ஆம் ஆண்டில் நியூயார்க்குத் தாவரத் தோட்டத்தில் அது பூத்தது. அத்தோட்டம் இருக்கும் பிராங்கசு என்னும் பகுதி, 1939ஆம் ஆண்டில் அதனையே தன் சின்னமலராக ஏற்றது. 2000ஆம் ஆண்டில்தான் அவ்விடத்தை வேறொரு மலருக்கு அளித்தது. செருமானிய நாட்டுப் பான் நகரத் தோட்டத்தில் 2003ஆம் ஆண்டில் 2.74 மீட்டர் உயரமுள்ள மலர் தோன்றியது. 2006ஆம் ஆண்டில் அங்கே ஒரே கிழங்கிலிருந்து மூன்று மலர்கள் எழுந்தன. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆம்சயர் மாநிலத்தில் மலர்ந்த ஒன்று 3.1 மீட்டர் உயரம் இருந்தது.

பூத்தல் மட்டும் போதாது, காய்த்தலும் வேண்டும். அதற்கு ஒரே சமயத்தில் இரு செடிகள் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியில் பூத்தல் வேண்டும். ஒரு தோட்டத்தில் அத்தகைய வாய்ப்பு மிக அரிது. ஆகவே, தோட்டத்தார் மலர் ஒன்றின் மகரந்தத்தைத் திரட்டிக் குளிர்பெட்டியில் உறையவைத்து, வேறோர் ஊரில் மலர் விரியும்போது அனுப்பிவைப்பர். அங்குள்ளோர் முதல் இரவிலேயே பாளையின் அடியில் சிறு சாளரம்போல் அறுத்து, தூரிகையால் மகரந்தத்தைப் பெண்பூக்களின் சூல்முடிகளில் தடவுவர். சுமத்ராவில் வண்டு செய்யும் பணியை ஈண்டு மனிதன் செய்கிறான். தீநாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு செய்கிறான்.

2015ஆம் ஆண்டில் சிகாகோ நகரத் தாவரத் தோட்டத்தில் நிகழ்ந்தது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்த்த செடி ஒன்று அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் முதன்முறை மலர் முளை விட்டது. அதற்கு 'ஸ்பைக்' என்று பெயரிட்டிருந்தனர். அதனைக் காணப் பல்லாயிரவர் வந்தனர். மலர் வளர்ந்தது, உயர்ந்தது, ஆனால் விரியவில்லை. விரிவதற்கு வேண்டிய ஆற்றல் அதன் கிழங்கில் குறைந்துபோயிருந்தது. இனிக் காத்திருந்தால் உள்ளே இருக்கும் மகரந்தமும் வீணாகும் என்று உணர்ந்த அறிஞர்கள், ஆகஸ்டு 30ஆம் நாள் கூடியிருந்த மக்களின் முன்னிலையில் பாளையை அறுத்து நீக்கி, மகரந்தத்தைத் திரட்டினர். பலர் அதனைத் தோல்வி என்றே கருதினர். ஆயினும், அடுத்த திங்களில் அதே தோட்டத்தில் 'ஆலிஸ்' என்னும் மற்றொரு செடி எதிர்பாராமல் பூத்தது. டென்வர் நகரத் தோட்டத்தில் மலர்ந்த செடியின் மகரந்தத்தை அதற்கு இட்டனர், அது காய்த்தது. விரியாத மலரிலிருந்தும் எடுக்கக் கூடியதை எடுத்து, அடுத்த மலருக்கு ஆயத்தமாய் நின்றவர்களின் முயற்சி பயனின்றிப் போகவில்லை.

இவ்வளவு முயற்சியின் பின்னும் ஓர் இடர் உளது. உலகத் தோட்டங்களில் வாழும் இச்செடிகள் பல, காட்டிலிருந்து எப்பொழுதோ கொண்டுவந்த சில விதைகளின் வழித்தோன்றல்களே. இலைத்துண்டுகளை நட்டும் புதுச்செடிகளை உண்டாக்கலாமாதலால், அவ்வாறு பெருக்கப்பட்டவை பெயரளவில் பலவாயினும் இயல்பில் ஒன்றே. நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சிகாகோத் தாவரத் தோட்டத்தையும் சேர்ந்த அறிஞர்கள், 111 நிலையங்களில் உள்ள ஏறத்தாழ 1,200 செடிகளின் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 2025ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அச்செடிகளுள் நூற்றுக்கு 24 நெருங்கிய உறவுடைய பெற்றோருக்குப் பிறந்தவை; நூற்றுக்கு 27 ஒரே செடியின் மறுபடிகள். நெருங்கிய உறவிலே பிறக்கும் செடிகள் தலைமுறைதோறும் வலிமை குன்றும். பச்சையம் இல்லாமல் வெளுத்த கன்றுகள் பிறந்த தோட்டமும் உண்டு. பச்சையம் இல்லாத செடி தன் உணவைத் தானே சமைக்க இயலாது. விதையில் இருந்த உணவு தீர்ந்தவுடன் மடியும்.

இக்குறைக்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது நோயன்று, புழுவன்று, குறிப்பெழுதாமை! விதை எங்கிருந்து வந்தது, தாய்ச்செடி எது, மகரந்தம் யாருடையது என்பவற்றைத் தோட்டங்கள் பல எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தவையும் தோட்டத்திற்குத் தோட்டம் வேறுபட்ட முறையில் இருந்தன. செடி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்குச் சென்றபோது குறிப்பு உடன் செல்லவில்லை. ஆதலால், அண்ணனுக்கும் தங்கைக்கும் மணம் முடிப்பதுபோன்ற பிழை அறியாமலே நேர்ந்தது. நீரும் எருவும் இட்டு வளர்ப்பது போலவே, தொட்டியின் அருகில் சிறு பலகையில் நாளும் மரபும் குறித்துவைப்பதும் செடி வளர்ப்பின் ஒரு பகுதி என்பதை இன்று தோட்டங்கள் உணர்ந்துள்ளன.

காட்டின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகவும் மரத்திற்காகவும் சுமத்ராவின் காடுகள் அழிக்கப்பட்டுள்ளன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் இச்செடியை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. காட்டில் ஆயிரத்துக்கும் குறைவான செடிகளே எஞ்சியிருக்கும் என்று அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

செடிக்குரிய நிலம் மட்டும் இருந்தாலும் போதாது. மகரந்தம் கொணர ஈயும் வண்டும் வேண்டும். அவ்வீயும் வண்டும் வாழக் காட்டு விலங்குகள் வேண்டும். கருவுற்ற கதிரில் செம்மஞ்சள் நிறக் கனிகள் நெருங்கிப் பழுக்கும். அவற்றை உண்டு விதைகளைத் தொலைவில் பரப்புபவை காண்டாமிருக இருவாட்சி என்னும் பெரும்பறவைகள். அப்பறவைகள் கூடு அமைக்கப் பொந்துகள் உள்ள முதிர்ந்த மரங்கள் வேண்டும். மரம் வீழ்ந்தால் இருவாட்சி அகலும். இருவாட்சி அகன்றால் விதை தாயின் காலடியிலேயே வீழ்ந்து கிடக்கும். ஒரு மலர் நிலைத்திருக்க ஒரு காடே வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின், கண்ணாடிக் கூடங்களில் வளர்ப்பதால் பயன் யாது என்று சிலர் வினவலாம். கூடம் காட்டிற்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், காடு அழியும் காலத்தில் விதையைக் காத்து நிற்கும் களஞ்சியமாகக் கூடம் பயன்படும். மேலும், கூடத்திற்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு இம்மலரைக் கண்ட ஒரு சிறுவன், சுமத்ரா என்னும் பெயரைப் பின்னர் மறப்பதில்லை. தான் காணாத காட்டின்மீது ஒருவனுக்கு அக்கறை உண்டாவது இவ்வாறுதான்.

இவ்வாண்டு விதைக்கும் தோட்டக்காரன், அச்செடி பூக்கும்போது அதே கூடத்தில் பணிபுரிவான் என்பது உறுதியன்று. அவன் ஓய்வு பெற்றிருக்கலாம். வேறு ஊருக்குச் சென்றிருக்கலாம். அவன் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, அவனை அறியாத மற்றொருவன் மலருக்குக் காவல் இருப்பான். கியூவிற்குச் சென்ற முதற்கன்று முதல் இன்றுவரை இச்செடி இவ்வாறே கைமாறிக் கைமாறி வாழ்ந்து வருகிறது.

நம் தோட்டத்துச் சேனையும் அவ்வகையினதே. அதன் கிழங்கை முற்றும் உண்டுவிடாமல், அடுத்த ஆண்டிற்கு விதைக்கிழங்கு என்று சிலவற்றைத் தனியே எடுத்து நிழலில் வைக்கிறார் உழவர். நம் முன்னோர் அவ்வாறு எடுத்துவைத்தமையால்தான் சேனை இன்றும் நம் இலையில் இருக்கிறது. சுமத்ராவின் பெருமலருக்கு வேண்டியதும் அத்தகைய முன்னெச்சரிக்கையே.